இங்கே தொட்டால் அங்கே கிளிக் ஆகிறது!

கேள்வி: மீன் கம்பெனி வைத்திருக்கிறோம். பில் போட ஒரு டச் மானிட்டர் வாங்கி, வியாபாரிகள் பார்ப்பதற்காகப் பழைய மானிட்டரையும் சேர்த்து மாட்டினோம். விண்டோஸ் 10. டச் மானிட்டரில் 'கணவாய்' என்ற பட்டனைத் தொட்டால் பழைய மானிட்டரில் எங்கேயோ கிளிக் ஆகிறது. கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாமா?
- வாசகர், தங்கச்சிமடம்

பதில்: அவசரப்படாதீர்கள், மானிட்டர் மேல் தப்பில்லை. படம் போவது எச்டிஎம்ஐ கேபிளில், தொட்ட செய்தி வருவது யூஎஸ்பி கேபிளில். அந்த யூஎஸ்பி வழியாக மானிட்டர் சொல்வதெல்லாம் 'அகலத்தில் இவ்வளவு, உயரத்தில் இவ்வளவு தள்ளி ஒரு விரல் பட்டது' என்பது மட்டும்தான், தான் எந்தத் திரை என்று அது சொல்வதில்லை. விண்டோஸும் தன் பாட்டுக்கு மெயின் டிஸ்ப்ளே எதுவோ அதன் தலையில் கட்டிவிடுகிறது. கண்ட்ரோல் பேனலில் 'டேப்லெட் பிசி செட்டிங்ஸ்' திறந்து 'செட்டப்' பட்டனை அழுத்தி, 'டச்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒரு திரை வெள்ளையாகி, தொடச் சொல்லி எழுத்து வரும். அந்த எழுத்து பழைய மானிட்டரில் வந்தால் ஒன்றும் செய்யாமல் கீபோர்டில் என்டர் தட்டுங்கள், அடுத்த திரைக்குப் போய்விடும். டச் மானிட்டரில் வந்ததும் விரலால் தொடுங்கள். அவ்வளவுதான். பக்கத்தில் இருக்கும் 'கேலிபரேட்' (தொடும் இடத்தையும் கிளிக் ஆகும் இடத்தையும் ஒத்துப்போகச் செய்வது) பட்டனை இப்போது தொடவே வேண்டாம், அது வேறு வியாதிக்கான மருந்து. யூஎஸ்பியை வேறு ஓட்டையில் மாற்றிச் செருகினால் பழையபடி குழம்பக்கூடும், அதனால் செருகிய இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஒரே மானிட்டர்தான். ஆனாலும் தொடும் இடத்துக்கு ஒரு விரல் அளவு தள்ளியே எடுக்கிறது. திரும்பத் திரும்ப கேலிபரேட் செய்தும் பயனில்லை, இன்னும் மோசமாகிவிட்டது.
- வாசகி, கீழக்கரை

பதில்: முதலில் மேலே சொன்ன 'டேப்லெட் பிசி செட்டிங்ஸ்' ஜன்னலில் 'ரீசெட்' கொடுத்து, செய்ததையெல்லாம் அழியுங்கள். அப்புறம் திரையின் நடுவிலும் நாலு மூலையிலும் தொட்டு, எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளுகிறது என்று கவனியுங்கள். நடுவில் சரியாக இருந்து ஓரத்துக்குப் போகப் போகத் தள்ளினால் கோளாறு டச்சில் இல்லை, படத்தில் இருக்கிறது: ரெசல்யூஷன் தப்பாக இருக்கும், அல்லது டிவி மாதிரி மானிட்டர் படத்தை விளிம்புக்கு வெளியே இழுத்திருக்கும். மானிட்டரின் மெனுவில் 'ஓவர்ஸ்கேன்' இருந்தால் அதை நிறுத்திவிட்டு, ரெசல்யூஷனை 'ரெக்கமண்டட்' என்று போட்டிருப்பதில் வையுங்கள். எல்லா இடத்திலும் ஒரே பக்கமாக, ஒரே அளவு தள்ளினால் மட்டும் கேலிபரேட் செய்யுங்கள். அதையும் உட்கார்ந்துகொண்டு செய்யாதீர்கள். கல்லாவில் நின்றுதான் பில் போடுவீர்கள் என்றால் நின்றபடியே ஒவ்வொரு கூட்டல் குறியையும் தொடுங்கள். கண்ணாடி தடிமனாக இருந்தால் மேலிருந்து பார்க்கும் கண்ணுக்குப் பட்டன் இருக்கிற இடமே கொஞ்சம் மாறித்தான் தெரியும். கடைசியில் 'சேவ்' கேட்கும், மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: லாட்ஜ் வரவேற்பில் உபுண்டு 24.04 (விண்டோஸுக்குப் பதிலான லினக்ஸ்) போட்ட திரையை வலப்பக்கமாகத் திருப்பி நெட்டுக்குத்தாக வைத்தோம். விரலை மேலே இழுத்தால் அம்பு பக்கவாட்டில் ஓடுகிறது.
- வாசகர், ராமேஸ்வரம்

பதில்: படம் திரும்பியது, டச் திரும்பவில்லை. லாகின் திரையின் பல்சக்கரக் குறியில் 'எக்ஸார்க்' (Xorg) என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்து உள்ளே போங்கள். இது திரையில் படம் காட்டும் ஒரு முறை; இன்னொரு முறையான வேலண்டில் (Wayland) இந்த வைத்தியம் எடுபடாது. டெர்மினலில் 'எக்ஸ்இன்புட்' (xinput) என்ற கட்டளை மூலம் உங்கள் டச்சுக்கு, தொட்ட இடத்தைத் திருப்பிக் கணக்கிடும் 'கோஆர்டினேட் டிரான்ஸ்ஃபர்மேஷன் மேட்ரிக்ஸ்' மதிப்பாக 0 1 0 -1 0 1 0 0 1 என்று கொடுங்கள். இடப்பக்கம் திருப்பியிருந்தால் 0 -1 1 1 0 0 0 0 1. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் இது போய்விடும், அதனால் ஸ்டார்ட்அப்பில் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: யாரும் தொடாமலே கிளிக் ஆகிறது. கேலிபரேட் செய்யலாமா?
- வாசகர், மண்டபம்

பதில்: கூடாது. விரலின் மின்தன்மையை உணரும் கபாசிட்டிவ் திரைக்குத் தண்ணீரும் விரல் போலத்தான். உப்புக் காற்று படிந்த பிசுபிசுப்பும் கணக்கைக் குழப்பும். கரண்டை அணைத்துவிட்டு, லேசாக நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் இன்னொரு முறை துடையுங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் மூன்று முள் பிளக்கில் எர்த் வருகிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஐஸ் அள்ளிய ஈரக் கையோடுதான் வேலை என்றால், அழுத்தத்தில் இயங்கும் ரெசிஸ்டிவ் திரையே உங்களுக்கு லாயக்கு. அதற்குத்தான் அவ்வப்போது நிஜமாகவே கேலிபரேட் தேவைப்படும்.