சொன்ன ஸ்டோரில் கேம் வரவில்லை: பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: வணக்கம் மேடம். பல வருடமாக என் கேம்கள் எல்லாம் ஒரே ஆன்லைன் ஸ்டோரில்தான் இருக்கின்றன. நண்பர்கள், சேவ் ஃபைல்கள், மாட்கள் (கேமில் ரசிகர்கள் செய்து சேர்க்கும் மாற்றங்கள்) எல்லாமே அங்கேதான். போன வருடம் ஒரு கேமை, அதைத் தயாரிக்கும் நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் முழுப் பணமும் கட்டி ப்ரீ-ஆர்டர் செய்தேன். வெளியீட்டு நாளில் நான் பயன்படுத்தும் ஸ்டோரின் கீ (கேமை அங்கே திறக்கும் குறியீடு) வரும் என்று அந்தப் பக்கத்தில் தெளிவாகப் போட்டிருந்தார்கள். வெளியீட்டுக்கு மூன்று வாரம் இருக்கும் இந்த நேரத்தில், "முதல் ஒரு வருடம் வேறொரு ஸ்டோரில் மட்டுமே கிடைக்கும், அதன் கீயை இத்துடன் அனுப்பியிருக்கிறோம்" என்று மெயில் வருகிறது. ரீஃபண்ட் கேட்டால், டிஜிட்டல் பொருளுக்கு ரீஃபண்ட் கிடையாது என்கிறார்கள்.

இதே நிறுவனத்தின் பழைய கேம் ஒன்றை என் ஸ்டோரில் வாங்கி மூன்று வருடமாக விளையாடுகிறேன். சென்ற மாத அப்டேட்டுக்குப் பிறகு அது நிறுவனத்தின் தனி லாஞ்சரையும் (கேமைத் திறக்கும் செயலி) புது அக்கவுண்டையும் கேட்கிறது. இல்லாவிட்டால் திறக்கவே மாட்டேன் என்கிறது. இப்படி ஒரே ஸ்டோருக்குள் கேமைப் பூட்டி வைப்பது ஏகபோகம் இல்லையா? வழக்குப் போடலாமா? வங்கியில் சொல்லிப் பணத்தைத் திரும்பப் பிடிக்கலாமா? என் பழைய கேம்களை வேறு ஸ்டோருக்கு மாற்றிக்கொள்ளும் உரிமையாவது உண்டா?

பதில்: முதல் வேலையாக, அவர்கள் அனுப்பிய அந்தக் கீயை ஆக்டிவேட் செய்யாமல் அப்படியே விட்டுவையுங்கள். பேசிய பொருளுக்குப் பதிலாக வேறொன்றைக் கொடுத்து, நீங்களும் அதை எடுத்துப் பயன்படுத்திவிட்டால், மாற்றை ஏற்றுக்கொண்டீர்கள் என்று எதிர்த்தரப்பு வாதிடும். அந்த வாதம் எடுபடவும் வாய்ப்பு உண்டு. "சும்மா போட்டுப் பார்த்தேன்" என்று பிறகு சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

உங்கள் கோபமெல்லாம் ஏகபோகம் என்ற சொல்லில் குவிந்திருக்கிறது. சட்டம் உங்கள் பக்கம் வலுவாக நிற்பதோ அங்கே இல்லை, ப்ரீ-ஆர்டரில்தான். ஒரு நிறுவனம் தன் கேமை எந்த ஸ்டோரில் விற்கும் என்பது பொதுவாக அதன் விருப்பம். ஆனால் இன்ன ஸ்டோரில் தருகிறேன் என்று சொல்லி உங்களிடம் பணம் வாங்கிய பிறகு, அந்த விருப்பம் உங்கள் விஷயத்தில் முடிந்துபோகிறது. பக்கத்தில் எழுதியிருந்த ஸ்டோரின் பெயர் விளம்பர அலங்காரம் ஆகாது. எதற்காகப் பணம் கட்டினீர்களோ அந்தப் பொருளின் விவரணை அது. விவரணைக்குப் பொருந்தாத பொருளைத் தந்தால் வாங்கியவர் மறுக்கலாம் என்பது ஏறக்குறைய எல்லா நாட்டு நுகர்வோர் சட்டத்திலும் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டு டிஜிட்டல் உள்ளடக்கச் சட்டநெறி, பொருள் எதனுடன் இணைந்து இயங்கும் என்று ஒப்பந்தம் சொல்கிறதோ அதுவும் தரத்தின் ஒரு பகுதி என்று வெளிப்படையாகவே சொல்கிறது.

"கேம் அதேதானே, ஸ்டோர் மட்டும்தானே வேறு" என்று அவர்கள் சொல்வார்கள். படம் அதுதான், தியேட்டர் மட்டும் வேறு ஊரில் என்பது போன்ற பதில் இது. உங்கள் மாட்களும் நண்பர் பட்டியலும் அந்தப் புது ஸ்டோரில் வேலை செய்யாது என்பதை ஒரே வரியில் எழுதிவிடுங்கள். ஸ்டோர் உங்களுக்கு ஏன் முக்கியம் என்பதற்கு அந்த வரி போதும்.

இதற்கு முன்னுதாரணம் உண்டு, கோர்ட்டுக்கே போகாமல் முடிந்தவை. மக்களிடம் நிதி திரட்டி 2015இல் தொடங்கிய ஷென்மூ 3 என்ற கேம், 2019 ஜூனில் எபிக் கேம்ஸ் ஸ்டோருக்கு மட்டும் என்று அறிவிக்கப்பட்டது. ஸ்டீம் என்ற பெரிய ஸ்டோரின் கீயை எதிர்பார்த்திருந்தவர்கள் கொந்தளித்தார்கள். கடைசியில் ரீஃபண்ட் தரவும், வேண்டுமென்றால் ஓராண்டு கழித்து ஸ்டீம் கீ தரவும் இறங்கிவந்தார்கள். அதே வருடம் ஜனவரியில் மெட்ரோ எக்ஸோடஸ் என்ற கேம், வெளியீட்டுக்கு மூன்று வாரம்கூட இல்லாதபோது எபிக் பக்கம் மாறியது. ஆனால் ஸ்டீமில் ஏற்கெனவே ப்ரீ-ஆர்டர் செய்தவர்களுக்கு ஸ்டீமிலேயே கொடுத்தார்கள். அதாவது, கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வழியே இல்லை என்பது உண்மை இல்லை.

"டிஜிட்டல் பொருளுக்கு ரீஃபண்ட் கிடையாது" என்ற வரியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பிடித்திருக்கிறது, பிடிக்கவில்லை என்று மனம் மாறுகிறவருக்கு அது செல்லலாம். ஒப்புக்கொண்டது வராதவருக்கு அந்த வரி கேடயமாகாது. ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் ஆஸ்திரேலியாவில் இப்படித்தான் ரீஃபண்ட் உரிமை இல்லை என்று எழுதி வைத்திருந்தது. வெளிநாட்டு நிறுவனமான எங்களை உங்கள் சட்டம் கட்டுப்படுத்தாது என்றும் வாதாடியது. 2016இல் ஃபெடரல் கோர்ட் இரண்டையும் ஏற்கவில்லை. நுகர்வோரைத் தவறாக வழிநடத்தியதற்காக 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதமும் விதித்தது. சர்வர் எங்கே இருக்கிறது என்பதைவிட வாங்குபவர் எங்கே இருக்கிறார் என்பதை நீதிமன்றங்கள் பார்க்கத் தொடங்கியிருக்கின்றன.

எல்லாமே ஆதாரத்தில்தான் நிற்கும். ஆர்டர் உறுதி மெயில், பணம் போன ரசீது, மாற்றத்தை அறிவித்த மெயில் மூன்றையும் பிடிஎஃப் ஆக்கி வையுங்கள். ப்ரீ-ஆர்டர் பக்கத்தில் அந்த வரியை இந்நேரம் மாற்றியிருப்பார்கள். பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் பழைய தேதியிட்ட நகல் கிடைக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். அன்று பணம் கட்டிய வேறு யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தால் அதுவும் உதவும். பிறகு நிறுவனத்துக்கு ஒரு மெயில். சாட் பாட்டில் புலம்பினால் கணக்கில் வராது. எழுத்தில் போக வேண்டும். வசவு வேண்டாம், இந்த அளவு போதும்:

"இன்ன தேதியில், இன்ன ஆர்டர் எண்ணில், இன்ன ஸ்டோரின் கீ தரப்படும் என்ற உறுதியின் பேரில் முழுத்தொகை செலுத்தினேன். நீங்கள் அனுப்பிய வேறு ஸ்டோரின் கீயை நான் ஏற்கவில்லை, பயன்படுத்தவும் இல்லை. ஒப்புக்கொண்ட கீயை வெளியீட்டு நாளன்று தரவும். இயலாது எனில் இந்த மெயில் கிடைத்த 14 நாட்களுக்குள், செலுத்திய வழியிலேயே முழுத்தொகையையும் திருப்பித் தரவும். வாலட் கிரெடிட்டாக ஏற்க மாட்டேன்."

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். கிரெடிட் என்பது அவர்கள் கடையிலேயே மறுபடி செலவழிக்க வேண்டிய பணம்.

அடுத்து வங்கி. கார்டில் கட்டியிருந்தால் சார்ஜ்பேக் (கட்டிய பணத்தை வங்கி வழியே திரும்பப் பெறுவது) கேட்க வழியுண்டு. "சொன்ன பொருள் வரவில்லை" என்பது ஏற்கப்படும் காரணம்தான். பெரிய கார்டு நிறுவனங்களின் விதிகளில் கால வரம்பு பெரும்பாலும் 120 நாள். உங்களைப் போல ஒரு வருடம் முன்பே கட்டியவருக்கு, அந்த நாட்களைப் பணம் கட்டிய தேதியிலிருந்து எண்ணுவதா, பொருள் வர வேண்டிய தேதியிலிருந்தா என்பதுதான் கேள்வி. வராத பொருள் என்றால் பின்னதையே எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். வங்கியிடம் இதை முதலிலேயே கேட்டு உறுதி செய்யுங்கள்.

ஆனால் எடுத்த எடுப்பிலேயே சார்ஜ்பேக் போடாதீர்கள். உங்கள் கடிதத்தில் நீங்கள் கவனிக்காத ஒரு முடிச்சு இருக்கிறது. உங்களுக்குப் பணத் தகராறு இருக்கும் நிறுவனமும், உங்கள் பழைய கேமுக்கு இப்போது அக்கவுண்ட் கேட்கும் நிறுவனமும் ஒன்றுதான். சார்ஜ்பேக் வந்தால் அக்கவுண்டை முடக்கும் பழக்கம் இந்தத் துறையில் உண்டு. ஃபோர்ட்நைட் கேம் விவகாரத்தில் எபிக் நிறுவனத்தின் மீது, நுகர்வோர் புகார்களைக் கவனிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் சொன்ன குற்றச்சாட்டுகளில் இதுவும் ஒன்று. தங்கள் அனுமதி இல்லாமல் போன பணத்துக்காக வங்கியில் முறையிட்டவர்களின் அக்கவுண்டைப் பூட்டி, காசு கொடுத்து வாங்கியதை எல்லாம் கைக்கெட்டாமல் செய்தார்கள் என்பது புகார். 24.5 கோடி டாலருக்கு முடிந்த அந்த வழக்கில் 2023 மார்ச்சில் இறுதியான உத்தரவு, அப்படிப் பூட்டுவதற்கும் தடை போட்டது. அந்தத் தடை அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும்தான். மற்றவர்களை நம்பிக் கையை நீட்ட வேண்டாம். முதலில் மெயில், பிறகு 14 நாள் பொறுமை, அதற்கும் அசையாவிட்டால் வங்கி. எழுதிக் கேட்டும் தரவில்லை என்ற ஆதாரம் வங்கியிலும் உங்களுக்குக் கைகொடுக்கும்.

பழைய கேம் விஷயம் கொஞ்சம் சிக்கல். நீங்கள் வாங்கிய நாளில் ஸ்டோர் பக்கத்தில் "மூன்றாம் தரப்பு அக்கவுண்ட் தேவை" என்ற குறிப்பு இருந்ததா? இருந்திருந்தால், இத்தனை நாள் அதை வற்புறுத்தாமல் இருந்தது அவர்கள் சலுகை என்றாகிவிடும். 2024 மே மாதம் ஹெல்டைவர்ஸ் 2 கேமில் இதுதான் நடந்தது. ஸ்டீமில் விளையாடுபவர்களும் பிளேஸ்டேஷன் நெட்வொர்க் அக்கவுண்டை இணைத்தே ஆக வேண்டும் என்று சோனி அறிவித்தது. பல நாடுகளில் அந்தச் சேவையே கிடையாது, ஆனாலும் கேம் அங்கே விற்கப்பட்டிருந்தது. ஸ்டோர் பக்கத்தில் குறிப்பு இருந்தது என்னவோ உண்மை. எதிர்ப்பு குவிந்து, சில நாளில் சோனி பின்வாங்கியது. அங்கே வென்றது மக்களின் கூச்சல். சட்டப்படி போயிருந்தால் அந்தக் குறிப்பு பெரிய முட்டுக்கட்டையாக நின்றிருக்கும்.

குறிப்பு இல்லையென்றால் உங்கள் நிலை நல்லது. வாங்கிய பிறகு புது நிபந்தனை திணிப்பது ஒருதலைப்பட்ச மாற்றம். மேலே சொன்ன ஐரோப்பியச் சட்டநெறியில், தொடர்ந்து வழங்கப்படும் டிஜிட்டல் பொருளைப் பயன்படுத்துவதை ஒரு மாற்றம் கணிசமாகப் பாதித்தால், 30 நாளுக்குள் கட்டணமின்றி ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். மாற்றம் இல்லாத பழைய வடிவத்தைக் கூடுதல் செலவில்லாமல் வைத்துக்கொள்ள நிறுவனம் வழி விட்டிருந்தால் அந்த உரிமை எழாது. எனவே கேமின் அமைப்புகளில் பழைய பதிப்பைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். சில கேம்களில் இருக்கிறது. அப்படி இருந்தால் உங்களுக்கு வழக்கே தேவையில்லை. எதைச் செய்வதற்கு முன்பும் சேவ் ஃபைல்களைத் தனியாக நகல் எடுத்துவிடுங்கள். இந்தப் புகார் போக வேண்டியது உங்களுக்கு விற்ற ஸ்டோருக்கு. மூன்று வருடம் விளையாடிய கேமுக்கு முழுத்தொகை கிடைக்கும் என்று நான் ஆசை காட்ட மாட்டேன்.

ஏகபோகம் பற்றி. ஒரு கேமை ஒரு வருடம் ஒரே ஸ்டோரில் வைப்பது மட்டுமே போட்டிச் சட்ட மீறல் ஆகாது. புதிதாக நுழையும் ஸ்டோர், பெரிய ஸ்டோரிடமிருந்து ஆட்களை இழுக்க இதைச் செய்கிறது என்றே பார்ப்பார்கள். 2018 டிசம்பரில் எபிக் நுழைந்தபோது, ஸ்டீம் வழக்கமாக எடுத்த 30 சதவீதத்துக்கு எதிராக 12 சதவீதம் மட்டும் எடுப்பதாகச் சொல்லித்தான் கேம் நிறுவனங்களை ஈர்த்தது. விளையாடுகிறவருக்கு இதில் நேரடி லாபம் பெரிதாக இல்லை, தொல்லை மட்டும் கூடியது என்பது வேறு விஷயம். லாஞ்சருக்கு ஒரு அப்டேட், அதற்குள் கேமுக்கு இன்னொன்று, நடுவில் மறந்துபோன பாஸ்வேர்டு. எனக்கும் எரிச்சல்தான். எரிச்சலுக்குச் சட்டப்பிரிவு இல்லை.

போட்டிச் சட்டம் நிஜமாகக் கடித்த இடங்கள் வேறு. வாங்கிய கீ ஒரு நாட்டில் வேலை செய்து பக்கத்து நாட்டில் செய்யாமல் பூட்டியதற்காக, 2021 ஜனவரியில் ஐரோப்பிய ஆணையம் வால்வுக்கும் ஐந்து கேம் நிறுவனங்களுக்கும் சேர்த்து 78 லட்சம் யூரோ அபராதம் போட்டது. மற்ற இடங்களில் விலையைக் குறைக்க விடாமல் ஸ்டீம் தடுக்கிறது என்று வுல்ஃபயர் கேம்ஸ் 2021இல் அமெரிக்காவில் தொடுத்த வழக்கு, 2024 நவம்பரில் ஸ்டீமில் விற்ற கேம் நிறுவனங்களுக்கான கூட்டு வழக்காக ஏற்கப்பட்டது. இரண்டும் ஆணையமோ நிறுவனமோ வருடக்கணக்கில் இழுத்தவை. ஒரு கேம் வாங்கிய தனிநபர் அந்த வழியில் இறங்க வேண்டாம்.

பழைய கேம்களை வேறு ஸ்டோருக்கு மாற்றும் உரிமை: இல்லை. நீங்கள் வாங்கியது அந்த அக்கவுண்டோடு கட்டப்பட்ட உரிமம். பாரிஸ் நீதிமன்றம் ஒன்று 2019இல் ஸ்டீம் கேம்களை மறுவிற்பனை செய்யலாம் என்று சொன்னபோது பலர் கொண்டாடினார்கள். 2022இல் மேல்முறையீட்டில் அது தள்ளப்பட்டது. இனி வாங்குபவற்றுக்கு வேண்டுமானால், ஜிஓஜி ஸ்டோர் போல டிஆர்எம் (நகல் தடுக்கும் பூட்டு) இல்லாமல் இன்ஸ்டாலரையே தரவிறக்கிக்கொள்ள விடும் இடம் கிடைத்தால் அங்கே வாங்குங்கள்.

வழக்கு என்று போனால் சிறு தொகைகளுக்கான நுகர்வோர் மன்றம்தான் சரியான இடம். பல நாடுகளில் அங்கே வக்கீல் வைக்கத் தேவையில்லை. என்னைப் போன்ற ஒருவரை அமர்த்தினால் ஃபீஸ் கேமின் விலையைத் தாண்டிவிடும். போகும் முன் அந்த இணையதளத்தின் நிபந்தனைகளில் நடுவர் மன்றம் (நீதிமன்றத்துக்கு வெளியே தகராறு தீர்க்கும் முறை) பற்றியும், எந்த நாட்டு நீதிமன்றம் என்பது பற்றியும் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். கட்டாய நடுவர் மன்றம் என்ற நிபந்தனையை வால்வ் 2024 செப்டம்பரில் கைவிட்டது. மற்ற பலர் இன்னும் வைத்திருக்கிறார்கள். நுகர்வோரிடம் அது எந்த அளவு செல்லும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று நீங்கள் குறிப்பிடவில்லை. நிறுவனத்தின் பதில் வந்ததும் அதையும், நிபந்தனைப் பக்கத்தின் நகலையும், நாட்டின் பெயரையும் சேர்த்து அனுப்புங்கள். புகார் மனு எந்த மன்றத்தில், எந்தக் கால வரம்புக்குள் என்பதை அப்போது சொல்கிறேன்.