ஜெர்மன் பாடத்துக்கு 25 டாலர் அபராதம்

அன்புள்ள ஐயா,

முதல் உலகப்போரின்போது அமெரிக்கப் பள்ளிகளில் ஜெர்மன் மொழியைத் தடைசெய்தது அநியாயம் என்று எழுதியிருந்தீர்கள். போர் நடக்கும்போது எதிரி நாட்டு மொழியைப் பள்ளியிலிருந்து நீக்குவது இயல்புதானே? பின்னர் நீதிமன்றமே அந்தத் தடையை நீக்கிவிட்டது என்றும் படித்தேன். இன்னும் வருந்த அதில் என்ன இருக்கிறது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

போர் நடக்கும்போது என்கிறீர்கள். போர் 1918 நவம்பரில் ஓய்ந்தது. நெப்ராஸ்கா மாநிலம் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது 1919 ஏப்ரலில். எட்டாம் வகுப்பு தேறாத பிள்ளைகளுக்கு ஆங்கிலம் தவிர வேறு மொழி சொல்லித்தரக் கூடாது, தேவாலயப் பள்ளியானாலும் சரி. லத்தீன், கிரேக்கம், ஹீப்ரு ஆகியவற்றுக்குத் தடையில்லை என்று மாநில உச்ச நீதிமன்றம் பிறகு விளக்கம் சொன்னது. அதாவது பாட்டி வீட்டில் பேசுகிற மொழிக்குத்தான் தடை.

எதிரி மொழி என்ற காரணமும் நிற்காது. பக்கத்து மாநிலமான அயோவாவில் ஆளுநர் ஹார்டிங் 1918 மே மாதம் ஓர் ஆணை போட்டார். பள்ளியில், பொது இடத்தில், ரயிலில், தொலைபேசியில், வழிபாட்டில்கூட ஆங்கிலம் மட்டும்தான். டேனிஷ், நார்வீஜியன் பேசியவர்களும் அதில் மாட்டிக்கொண்டார்கள். டென்மார்க்கும் நார்வேயும் போரில் இறங்கவே இல்லை.

நெப்ராஸ்காவில் ஹாம்ப்டன் என்று ஒரு சிற்றூர். அங்கே லூத்தரன் பள்ளி ஆசிரியர் ராபர்ட் மேயர். மதிய இடைவேளையை அரை மணி நேரம் நீட்டி, பைபிள் கதைகளை ஜெர்மனில் வாசிக்கச் சொல்லிக்கொடுத்து வந்தார். 1920 மே 25 அன்று அரசு வழக்கறிஞர் வகுப்பறைக்குள் வந்தார். பத்து வயதுப் பையன் ஒருவன் வாசித்துக்கொண்டிருந்தான். மேயர் சட்டென்று ஆங்கிலத்துக்கு மாறியிருக்கலாம். மாறவில்லை. அந்தத் துணிவு எனக்குப் பெரிதாகப் படுகிறது. அபராதம் 25 டாலர். அதைக் கட்டிவிட்டு ஒதுங்காமல் மேல்முறையீட்டுக்குப் போனார். மாநில உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். 1923 ஜூன் 4 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்று அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஜெர்மன் தெரிந்திருப்பதை மட்டும் வைத்து அது தீங்கு என்று நியாயமாகக் கருத முடியாது என்று எழுதியவர் நீதிபதி மெக்ரெனால்ட்ஸ். யூதர் என்பதற்காகச் சக நீதிபதி பிராண்டைஸை வெறுத்தவர் அவர். பேச்சுரிமைக்காகக் கொண்டாடப்படும் நீதிபதி ஹோம்ஸ் தீர்ப்பை எதிர்த்த இருவரில் ஒருவராக நின்றார். மனிதர்களை ஒரே ஒரு தீர்ப்பை வைத்து எடை போடக் கூடாது என்று இதனால்தான் எனக்குத் தோன்றுகிறது.

சரி, தடை நீங்கியதே என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். 1915இல் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் சுமார் 24 சதவீதம் பேர் ஜெர்மன் படித்தார்கள். 1922இல் அது ஒரு சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது. தீர்ப்பு வந்தது அதற்கு அடுத்த வருடம். இதைச் சட்டம் மட்டும் செய்யவில்லை. 1918 ஏப்ரலில் இல்லினாய் மாநிலத்துக் காலின்ஸ்வில் ஊரில், ஜெர்மனியில் பிறந்த ராபர்ட் பிராகர் என்பவரை ஒரு கும்பல் தூக்கிலிட்டது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுதலையானார்கள். இப்படியொரு செய்தியைக் கேட்ட தாய் தகப்பன் தெருவில் பிள்ளையிடம் எந்த மொழியில் பேசுவார்கள்? அந்தப் பயத்தை எந்த நீதிமன்றம் ரத்து செய்ய முடியும்?

மேயர் எதிர் நெப்ராஸ்கா வழக்கின் தீர்ப்பு சில பக்கங்கள்தான், கடினமான நடையும் இல்லை. படித்துவிட்டு எழுதுங்கள். அரசுத் தரப்பு அதில் என்ன வாதாடியது என்பதை முக்கியமாகக் கவனியுங்கள்.