இரண்டாகப் பிளந்த பெண்டில்டன்: படமும் நிஜமும்

கேள்வி: 'தி ஃபைனஸ்ட் அவர்ஸ்' (2016) படத்தில் பெண்டில்டன் என்ற எண்ணெய்க் கப்பல் அப்படியே இரண்டாகப் பிளக்கிறது. அலை அடித்தால் எஃகுக் கப்பல் உடையுமா?

பதில்: உடைந்தது. அதுவும் ஒரே நாளில் இரண்டு கப்பல்கள். 1952 பிப்ரவரி 18 அன்று அமெரிக்காவின் கேப் காட் கரைக்கு அப்பால் பெண்டில்டன், ஃபோர்ட் மெர்சர் இரண்டும் பிளந்தன. இரண்டுமே டி-2 என்ற வகை எண்ணெய்க் கப்பல்கள். பழியை அலைமீது மட்டும் போட முடியாது. அந்தக் காலத்து எஃகில் கந்தகம் கூடுதல். கடுங்குளிரில் அது வளைந்து கொடுக்காமல் சட்டென முறியும். ரிவெட் அடித்த, அதாவது தகடுகளை ஆணிகளால் இணைத்த கப்பலில் ஒரு தகட்டில் விழுந்த விரிசல் பெரும்பாலும் அந்தத் தகட்டின் விளிம்போடு நின்றுவிடும். டி-2 போல வெல்டிங் செய்த கப்பலோ முழுதும் ஒரே துண்டு போல. விரிசல் ஓடிக்கொண்டே போகும். 1943 ஜனவரியில் ஸ்கெனக்டடி என்ற இதே வகைக் கப்பல், அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் போர்ட்லண்டில் அலையே இல்லாத துறையில் நின்றபடியே பிளந்தது. பெண்டில்டனின் உள்சுவர் ஒன்றில் 1951 ஜனவரியிலேயே மூன்று கிளையாக விரிசல் கண்டிருந்தது. அதைச் சரிசெய்யாமலேயே கப்பலை ஓட்டினார்கள். மன்னிக்க முடியாத அலட்சியம் அது.

கேள்வி: மீட்புப் படகின் என்ஜின் அடிக்கடி நிற்பது விறுவிறுப்புக்காகச் சேர்த்ததா?

பதில்: இல்லை, நிஜமாகவே நின்றது. சிஜி 36500 என்ற அந்தக் கடலோரக் காவல் படை மீட்புப் படகு, 36 அடி நீள மரப்படகு. 90 குதிரைத்திறன் பெட்ரோல் என்ஜின். படகு அளவுக்கு மீறிச் சாய்ந்தால் பெட்ரோல் வரத்து அறுந்து என்ஜின் அணைந்துவிடும். ஒவ்வொரு முறையும் படகின் என்ஜினைக் கவனித்த ஆண்டி ஃபிட்ஸ்ஜெரால்ட் அந்த இடுக்கான அறைக்குள் தவழ்ந்து போய்க் கிளப்பினார். சூடான பாகங்கள் பட்டு உடம்பில் தீக்காயங்கள்.

படகைக் காத்தது அதன் அடிப்பாகத்தில் இருந்த சுமார் 900 கிலோ வெண்கலம். கவிழ்ந்தாலும் படகு தானே நிமிரும், உள்ளே வந்த நீர் தானே வடியும். ஆனால் ஆளைப் பிடித்து வைத்துக்கொள்ள அதனால் முடியாது. கேப் காட்டில் உள்ள சேத்தம் துறைமுகத்துக்கு வெளியே இருக்கும் மணல்திட்டில் ஆழம் குறைவதால் அலை திடீரென எழும்பி உடையும். அங்கே படகின் மூக்கு அலைக்கு நேராக இருக்க வேண்டும். பக்கவாட்டில் அடி வாங்கினால் உருட்டிவிடும். அலையின் உச்சியில் படகைத் தள்ளும் ப்ரொபெல்லர் நீருக்கு மேலே வந்துவிடும் என்பதால் என்ஜின் வேகத்தைக் குறைக்க வேண்டும். அந்தத் திட்டைத் தாண்டும்போதே முன்கண்ணாடி நொறுங்கியது, திசைகாட்டியும் போனது.

கேள்வி: அவ்வளவு சின்னப் படகில் 32 பேரை ஏற்றியது உண்மையா?

பதில்: உண்மை. ஏறத்தாழ 12 பேருக்கான படகில், மீட்புக்குப் போன நால்வரோடு சேர்த்து 36 பேர். கப்பலிலிருந்து தொங்கிய கயிற்று ஏணி, கப்பல் உருளும்போது வெளியே வீசும். மறு உருளலில் கப்பலின் பக்கத்தில் மோதும். படகை ஓட்டிய பெர்னார்ட் வெப்பர் ஏணிக்கடியில் படகை நெருக்குவார், ஓரிருவர் குதிப்பார்கள், அலை இழுப்பதற்குள் விலகுவார், மறுபடி வருவார். இப்படி ஒவ்வொருவராக. பின்பகுதியில் இருந்த 33 பேரில் ஜார்ஜ் மையர்ஸ் என்பவர் மட்டும் கடலில் விழுந்து இறந்தார். முன்பகுதியில் இருந்த கேப்டன் உட்பட 8 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

கேள்வி: கற்பனை எது?

பதில்: காதல் கதை. படத்தில் மிரியம் வெப்பரை மணக்கப்போகும் பெண். கடலோரக் காவல் நிலையத்துக்கே போய் வாதாடுகிறார். நிஜத்தில் இருவருக்கும் 1950-லேயே திருமணம் ஆகிவிட்டது. அன்று மிரியம் காய்ச்சலோடு வீட்டில் இருந்தார். ஊரார் கார் விளக்குகளைப் போட்டு வழிகாட்டுவதும் சேர்க்கை. வெப்பருக்குத் துறைமுக வாயிலைக் காட்டியது ஒரு மிதவையின் மின்னும் சிவப்பு விளக்கு.

பெரிய குறை, ஃபோர்ட் மெர்சரைப் படம் ஓரங்கட்டியது. அகுஷ்னெட் என்ற காவல் கப்பல் உடைந்த பின்பகுதியை ஒட்டி வந்து நிற்க, 18 பேர் அதன் தளத்தில் குதித்துப் பிழைத்தார்கள். யாகுடாட், ஈஸ்ட்விண்ட் கப்பல்கள் வேறு 7 பேரைக் காப்பாற்றின. 13 பேர் அந்தப் பின்பகுதியிலேயே தங்கிப் பிழைத்தார்கள். 43 பேரில் 38 பேர் உயிரோடு திரும்பினார்கள்.