உதடு மட்டும் அசைந்த நாள்

கேள்வி: 1999இல் கனடா வந்தேன். ஸ்காபரோவில் வீடு, இரண்டு பிள்ளைகள். மூத்த மகளுக்கு 22 வயது. எந்த ஊர் என்று யார் கேட்டாலும் "கனடா" என்று மட்டும் சொல்கிறாள். தமிழ் என்ற சொல்லே வாயில் வராது. கோயிலுக்கு வந்தாலும் தேவாரத்துக்கு உதட்டை அசைத்துக்கொண்டு நிற்கிறாள். எல்லோரும் எங்கிருந்தோ வந்து சேர்ந்த நாடு இது, இதற்கென்று தனி அடையாளம் ஏது? நான்கூட 2011இல் பாஸ்போர்ட்டுக்காகத்தான் குடியுரிமை எடுத்தேன். சத்தியப்பிரமாணத்தின்போது சும்மா வாயசைத்தேன். பார்த்துக்கொண்டிருந்த மகள்கூடச் சிரித்துவிட்டாள். நம் அடையாளத்தை அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?
- ஒரு தகப்பன்

பதில்: எனக்கு எழுபது தாண்டிவிட்டது, தம்பி என்றே கூப்பிடுகிறேன். மகள் "கனடா" என்று சொல்வதை விடுங்கள். அவள் பிறந்த நாட்டை அவள் சொல்கிறாள். இதே புலம்பலோடு எனக்கு எத்தனையோ கடிதங்கள் வந்துவிட்டன. ஆனால் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி இருக்கிறதே, அதை நான் விடப்போவதில்லை.

வாயசைத்தீர்கள். எட்டு வயதுப் பிள்ளை பார்த்தது. சிரித்தது. இன்று அதே பிள்ளை கோயிலில் வாயசைக்கிறது, உங்களுக்குக் கோபம் வருகிறது. எங்கே கற்றுக்கொண்டது என்று கேட்கிறீர்களா?

நீங்கள் எடுத்த சத்தியத்தில் ராணி எலிசபெத்துக்கு விசுவாசமாக இருப்பேன் என்ற வரி இருந்தது. அவருக்கு ஏன் விசுவாசம் சொல்ல வேண்டும் என்ற எண்ணமா? அது நியாயமான கேள்விதான். அதே கேள்வியோடு மூன்று பேர் நீதிமன்றம் போனார்கள். 2014இல் ஒன்ராறியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அந்த வார்த்தைகள் ராணி என்ற மனுசிக்கு அல்ல, இந்நாட்டின் ஆட்சிமுறைக்கே என்றது. பிடிக்காதவர் அதைப் பிறகு பகிரங்கமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றும் சொன்னது. அவர்களில் ஒருவர் கணிதப் பேராசிரியர். சத்தியம் செய்துவிட்டு, ராணி பற்றிய பகுதியை மட்டும் ஏற்கவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார்.

இன்னொன்றும் நடந்தது. நீங்கள் வாயசைத்த அதே 2011ஆம் ஆண்டின் டிசம்பரில் அரசாங்கம் ஒரு விதி போட்டது: முகத்திரை போட்டவர்கள் அதை எடுத்துவிட்டுத்தான் சத்தியம் செய்ய வேண்டும். உண்மையிலேயே சொல்கிறார்களா என்று அதிகாரி பார்க்க வேண்டுமாம். பாகிஸ்தானிலிருந்து வந்த ஒரு பெண் அதை எதிர்த்து வழக்காடி, 2015இல் வென்று, முகத்திரையோடே சத்தியம் செய்தார். அந்த விதி எனக்கு அப்போதே சிரிப்பாக இருந்தது. உங்கள் முகத்தில் ஒரு திரையும் இல்லை, உதடும் அசைந்தது. யார் கண்டுபிடித்தார்கள்? மகள் ஒருத்தி மட்டும்தான்.

சரி, ராணி போகட்டும். அந்தச் சத்தியத்தின் மிச்சம் என்ன? இந்நாட்டுச் சட்டங்களை மதிப்பேன், குடிமகனாக என் கடமைகளைச் செய்வேன் என்பதுதானே? அதில் உங்களுக்கு எது கசந்தது? வாக்குக் கொடுப்பதை விளையாட்டாக எடுக்காத வீட்டில்தான் நான் வளர்ந்தேன். நீங்களும் அப்படித்தான் வளர்ந்திருப்பீர்கள். பிறகு எந்தப் பண்பாட்டை மகளிடம் எதிர்பார்க்கிறீர்கள்?

இதற்கென்று அடையாளம் ஏது என்கிறீர்கள். 1971இல் அன்றைய பிரதமர் பியர் ட்ரூடோ நாடாளுமன்றத்தில், இந்நாட்டுக்கு ஆட்சிமொழிகள் இரண்டு உண்டு, ஆனால் அதிகாரபூர்வப் பண்பாடு என்று ஒன்று இல்லை என்று அறிவித்தார். 1988இல் அது சட்டமானது. அவரவர் பண்பாட்டை வைத்துக்கொண்டே எல்லோரும் ஒரே சட்டத்துக்குள் வாழ்வது என்பதுதான் இங்குள்ள அடையாளம். 2016இல் நாடாளுமன்றம் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றதும் அந்த ஏற்பாட்டால்தான். மரபுத் திங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, சத்தியத்துக்கு வாயசைப்பது எந்த ஊர் நியாயம்?

அப்புறம், எல்லோரும் வந்து சேர்ந்தவர்கள் என்று இனி எங்கும் எழுதாதீர்கள். இந்த மண்ணின் முதற்குடிகள் மற்றவர்கள் வருவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கே வாழ்ந்தவர்கள். அவர்கள் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, சொந்த மொழி பேசினால் தண்டித்த உறைவிடப் பள்ளிகளில் கடைசியானவை, நீங்கள் வந்து இறங்குவதற்குச் சில வருடங்கள் முன்புவரை நடந்தன. மொழிக்காக இவ்வளவு கவலைப்படும் ஒருவர் அவர்களை ஒரே வரியில் இல்லாமல் ஆக்கலாமா? 2021இலிருந்து முதற்குடிகளின் ஒப்பந்த உரிமைகளும் சத்தியத்தில் சேர்ந்திருக்கின்றன. நீங்கள் அதைச் சொல்லவில்லை, சொல்ல வாய்ப்பும் வரவில்லை. இப்போதாவது படியுங்கள்.

மகளைத் திருத்தும் வேலையைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை உட்காரவைத்து, அன்று ஏன் வாயசைத்தேன் என்று உள்ளதைச் சொல்லுங்கள். ராணி பிடிக்கவில்லையா, பயமா, சோம்பலா, எதுவானாலும் மறைக்காதீர்கள். பிறகு அந்தச் சத்தியத்தை அவள் முன்னால் சத்தமாகப் படியுங்கள். ஏற்காத வரி இருந்தால், இதை ஏற்கவில்லை என்று அவளிடமே சொல்லுங்கள். அது முடிந்த பிறகு, கோயிலில் பாடும் தேவாரத்தில் ஒன்றை எடுத்து வரிவரியாகப் பொருள் சொல்லிக்கொடுங்கள். பொருள் உங்களுக்கே தெரியாது என்றால் அதையும் ஒப்புக்கொண்டு, இரண்டு பேருமாகத் தேடுங்கள். அவள் சிரித்தால் சிரிக்கட்டும்.