செர்கேய் பாப்ரோவ்ஸ்கியை ரசிகர்கள் இப்படிக் கொண்டாடுவது ஏன்? ஐஸ் ஹாக்கியில் அவர் வெறும் கோல்கீப்பர்தானே?

வெறும் கோல்கீப்பரா? செய்தியின் கடைசியில் காட்டும் கோல்களை மட்டும் பார்ப்பவர் போலிருக்கிறது நீங்கள். நான் டொராண்டோவில் வசிக்கும் மேப்பிள் லீஃப்ஸ் ரசிகன். 1967-க்குப் பிறகு கோப்பையையே பார்க்காத அணி. 2023, 2025 இரண்டு ஆண்டும் எங்கள் கதையை முடித்தது பாப்ரோவ்ஸ்கியின் ஃபுளோரிடா பாந்தர்ஸ்தான். அவரைப் புகழ எனக்கு ஒரு அவசியமும் இல்லை.

2023-இல் ஐந்து ஆட்டங்கள். ஒவ்வொன்றிலும் எங்களுக்குக் கிடைத்தது இரண்டே கோல். கடைசி ஆட்டத்தில் மட்டும் மனிதர் 50 ஷாட்டுகளைத் தடுத்தார். இரண்டு கால்களையும் அகல விரித்துப் பனித்தரையோடு ஒட்டிக்கொள்வார். கீழே பக் (ஹாக்கியில் அடிக்கும் ரப்பர் வட்டு) நுழைய இடமிருக்காது. மேலே அடித்தால் கையுறை தயாராக இருக்கும். என் மச்சான் ரிமோட்டைச் சோபாவில் எறிந்துவிட்டுச் சாப்பிடாமலே வீட்டுக்குக் கிளம்பிவிட்டான்.

ஆனால் திறமை மட்டும் இந்தப் புகழைத் தரவில்லை. நோவோகுஸ்னெட்ஸ்கில் பிறந்த இவரை, வட அமெரிக்க ஹாக்கி லீக்கான என்ஹெச்எல்லின் அணிகள் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் எந்த அணியும் சீண்டவில்லை. 2010-இல் பிலடெல்பியாவுக்கு வந்தார். கொலம்பஸில் இருந்தபோது சிறந்த கோல்கீப்பருக்கான வெசினா விருதை இரண்டு முறை வாங்கினார். 2019-இல் ஃபுளோரிடா ஏழு ஆண்டுகளுக்கு 7 கோடி டாலர் கொடுத்தது. அதன் பிறகு வாங்கிய வசவு கொஞ்சநஞ்சமல்ல. 2023 பிளேஆஃப் தொடங்கியபோது அலெக்ஸ் லயன் வலையில் நின்றார், இவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்! நடுவில் இறக்கினார்கள், அந்த சீசனில் 65 வெற்றிகளோடு சாதனை படைத்திருந்த பாஸ்டன் வீட்டுக்குப் போனது. கரோலினாவுடன் நான்காவது கூடுதல் நேரம் வரை நீண்ட ஆட்டத்தில் 63 ஷாட்டுகளைத் தடுத்தார்.

2024 இறுதித் தொடரில் எட்மன்டனிடம் 8-1 என்று தோற்ற ஆட்டத்தில் இவரைப் பாதியிலேயே வெளியே எடுத்தார்கள். ஃபுளோரிடா 3-0 என்று முன்னிலையில் இருந்த தொடர் 3-3 ஆனது. ஏழாவது ஆட்டத்தை 2-1 என்று முடித்துக்கொடுத்தார். கேப்டன் பார்கோவ், சாம்பியனுக்குத் தரும் ஸ்டான்லி கோப்பையை முதலில் நீட்டியது இவரிடம்தான். திட்டிய வாய்களே இன்று "பாபி, பாபி" என்று கத்துகின்றன.

மற்ற கோல்கீப்பர்களைக் காட்டி "ஷெஸ்டெர்கின் இல்லையா, வாசிலெவ்ஸ்கி இல்லையா" என்று பின்னூட்டத்தில் வரிந்துகட்டிக்கொண்டு வராதீர்கள். அவர்களே மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள், கேள்வி புகழைப் பற்றியது. அந்தச் சம்பளம் முதல் சில ஆண்டுகளுக்கு அதிகம் என்பதையும் நான் மறுக்கவில்லை.

இவ்வளவு சூடாக எழுதக் காரணம் உண்டு. என் மகனும் கோல்கீப்பர். ஐந்து பேரைத் தாண்டி வந்த பக் உள்ளே போனால், பார்வையாளர் வரிசையிலிருக்கும் பெற்றோர் எல்லோரும் அவனையே முறைக்கிறார்கள். காலில் கட்டும் கவசத்தை வாங்கிய கடன் அடைவதற்குள் பையன் வளர்ந்துவிடுகிறான். அவன் ஆடும் ஹாக்கி கிளப்போ ஆண்டுதோறும் கட்டணத்தை ஏற்றுகிறது, பார்வையாளர் இருக்கைகளுக்கு மேலே இருக்கும் ஹீட்டரை மட்டும் பழுது பார்க்க மாட்டேன் என்கிறது. போன வாரம் மின்னஞ்சல் அனுப்பினேன். வாகன நிறுத்தக் கட்டண உயர்வு பற்றிய அறிவிப்புதான் பதிலாக வந்தது.