பிள்ளை காய்கறியைத் தொடவே மாட்டேன் என்பது பிறவிக் குணமா, நாம் பழக்கியதா?

நீங்கள் இரண்டு மூன்று வயதுப் பிள்ளையின் அம்மாவாக இருப்பீர்கள், வீட்டில் யாரோ "நீ பழக்கினது சரியில்லை" என்று சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் அதே பேச்சு கிடைத்தது, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் மகள் தட்டில் பீட்ரூட்டைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வீட்டில் அதட்டிப் பார்த்தார்கள், இதைத் தின்றால்தான் சாக்லேட் என்று ஆசை காட்டினார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை, அப்படிச் செய்தால் பிள்ளைக்குச் சாக்லேட் மேல்தான் ஆசை கூடும். அப்புறம் விடுமுறைக்கு என் நாத்தனார் மகன் வந்து தங்கினான், இவளைவிடக் கொஞ்சம் பெரியவன். யாரும் சொல்லாமலே அவன் பாட்டுக்குப் பீட்ரூட்டை அள்ளிப் போட்டுக்கொண்டு உதடெல்லாம் சிவக்க ரசித்துச் சாப்பிடுவான். இவள் முதலில் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு ஒருநாள் அவன் தட்டிலிருந்தே ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுத் துப்பினாள், மறுநாள் துப்பவில்லை. அவன் கிளம்பிப் போன பிறகும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

ஒரு பிள்ளையை வைத்து எப்படிச் சொல்லலாம் என்று இங்கே சிலர் வருவார்கள், தெரியும். லியான் பர்ச் என்ற ஆய்வாளர் 1980இல் இதையேதான் சோதித்தார். ஒரு பிள்ளைக்கு அவ்வளவாகப் பிடிக்காத காயை விரும்பிச் சாப்பிடும் பிள்ளைகளோடு அந்தப் பிள்ளையைச் சில நாள் மதியச் சாப்பாட்டுக்கு உட்காரவைத்தார். அந்தப் பிள்ளையும் அதே காயை எடுக்க ஆரம்பித்தது, வாரங்கள் கழித்து மற்றவர்கள் பக்கத்தில் இல்லாதபோதும் அந்த மாற்றம் நிலைத்திருந்தது. இது இன்னும் முன்னாலேயே தொடங்குகிறது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலோ பால் கொடுக்கும்போதோ அம்மா கேரட் சாறு குடித்திருந்தால், பின்னால் கேரட் கலந்த கூழைக் கொடுக்கும்போது குழந்தை அவ்வளவாக முகம் சுளிப்பதில்லை என்று 2001இல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது.

பிறவிக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. கசப்பை ஒருவர் எவ்வளவு கடுமையாக உணர்கிறார் என்பதில் மரபணுவுக்கும் கை உண்டு, புது உணவைக் கண்டால் மிரள்வது அந்த வயதில் சகஜம். எடை குறைந்தாலோ, விழுங்கவே சிரமப்பட்டாலோ மருத்துவரிடம் காட்டுங்கள், அது வேறு விஷயம். மற்றபடி, பிள்ளையோடு உட்கார்ந்து நீங்களும் அதே காயை விருப்பமாகச் சாப்பிடுங்கள், ஊட்டுகிறேன் என்று பின்னாலேயே ஓடாதீர்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். விசேஷத்துக்குப் போனால் "ஏன் இப்படி இளைச்சுப் போயிருக்கா, சோறு போடறியா இல்லையா" என்று பிள்ளையின் காதில் விழும்படி கேட்பவர்களை எனக்குத் தாங்கவே முடிவதில்லை. அவள் எடை வயதுக்குச் சரியாகத்தான் இருந்தது, மருத்துவர் எழுதிக்கொடுத்த அட்டையைக் காட்டியும் ஒருவரும் நம்பவில்லை. இப்போதெல்லாம் பதில் சொல்வதை விட்டுவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு வேறு பந்திக்குப் போய்விடுகிறேன்.