சுரங்க நூலகத்தில் அப்படி என்ன இருக்கிறது?

கேள்வி: நிலவியல் வரைபடங்கள் எல்லாம் இணையத்திலேயே கிடைக்கும்போது, ஒரு வட்டாரத்தின் நிலவியலுக்கும் சுரங்கத்துக்கும் மட்டும் தனியாக ஒரு பொது நூலகம் எதற்கு?

அச்சான புத்தகங்களுக்காக என்றால் அவ்வளவாகத் தேவையில்லைதான். நான் அங்கே போவது அச்சேறாத சரக்குக்காக: மூடிப்போன சுரங்கங்களின் வரைபடங்கள், துளையிட்டுப் பார்த்துக் கைவிட்ட இடங்களின் பதிவேடுகள், கம்பெனிகள் கடையைக் கட்டும்போது விட்டுச்சென்ற அறிக்கைகள்.

இது ஏதோ பழசைச் சேர்க்கும் பொழுதுபோக்கு இல்லை. 2002 ஜூலையில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், கியூகிரீக் நிலக்கரிச் சுரங்கத்தில் வெட்டிக்கொண்டிருந்தவர்கள், பக்கத்தில் நீர் நிரம்பிக் கிடந்த பழைய சுரங்கத்தின் சுவரை உடைத்துவிட்டார்கள். கையிலிருந்த வரைபடத்தின்படி அந்தப் பழைய சுரங்கம் இன்னும் சுமார் 300 அடி தள்ளி இருக்க வேண்டும். அந்த வரைபடம் போட்ட பிறகும் அங்கே வெட்டியிருக்கிறார்கள். கடைசி வரைபடம் இவர்களிடம் இல்லை. அது பின்னால் ஓர் அருங்காட்சியகத்தில் கிடைத்தது! உள்ளே சிக்கிய ஒன்பது பேரும் மூன்று நாளுக்கு மேல் தவித்து உயிரோடு மீண்டார்கள்.

அதனால் பழைய சுரங்க வரைபடம் கைக்கு வந்தால் முதலில் தேதியைப் பாருங்கள். சுரங்கம் மூடிய ஆண்டுக்கு முந்தைய தேதி என்றால் அதற்குப் பிந்தைய தாள் உண்டா என்று நூலகரிடம் கேளுங்கள். அடுத்து வடக்கு அம்பு. பல பழைய தாள்களில் அது காந்த வடக்கு, அதாவது திசைகாட்டி முள் காட்டும் வடக்கு. காந்த வடக்கு ஆண்டுக்கு ஆண்டு நகரும். 5 பாகை பிசகினால் ஒரு கிலோமீட்டர் தூரத்தில் கிட்டத்தட்ட 87 மீட்டர் தள்ளிப்போய் நிற்பீர்கள்.

தங்கச் சுரங்க அறிக்கை என்றால் எந்த முறையில் பிரித்தார்கள் என்ற பக்கத்தைத் தாண்டிவிடாதீர்கள். அரைத்த தாதுவிலிருந்து தங்கத்தைச் சயனைடு கரைசலில் கரைத்தெடுக்கும் சயனைடு முறைக்குக் காப்புரிமை வாங்கியது 1887-இல். அதற்கு முன்பு அரைத்துக் கொட்டிய கழிவு மேட்டில் தங்கம் மிஞ்சியிருக்க வாய்ப்பு அதிகம். ‘வளம் தீர்ந்தது’ என்று அன்றைக்கு எழுதியதை அன்றைய தொழில்நுட்பத்தோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

தேடுவதில் ஒரு சிக்கல் உண்டு. சுரங்கம் கைமாறும்போதெல்லாம் பெயரும் மாறும். பெயரை மட்டும் வைத்துத் தேடினால் பாதிதான் அகப்படும். நில அளவைத் தாளின் எண்ணைச் சொல்லிக் கேட்டால் வேலை சுலபம்.

அப்புறம், நகல் எடுக்கும்போது ஓரத்தில் கோடாக வரைந்திருக்கும் அளவுகோலும் விழும்படி எடுங்கள். அந்தக் கோடு நகலோடு சேர்ந்தே சுருங்கும், விரியும். ஆனால் 1:2500 என்ற எழுத்து, நகலைச் சிறிதாக்கினாலும் பெரிதாக்கினாலும் 1:2500 என்றேதான் இருக்கும்.